ஓட்டில்லாதவர்களின் தேர்தல்

1

ஓவியர் வில்லியம் ஹோகார்த் 1754-55ஆம் ஆண்டுகளில் தேர்தலைப் பற்றி நான்கு ஓவியங்கள் வரைந்தார். லண்டனில் ஜான் சோன் அருங்காட்சியகத்தில் அவை இருக்கின்றன. நான் நேரில் பார்த்ததில்லை. கணினித் திரையில் பெரிதாக்கி, ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலைக்கு நகர்த்தி நகர்த்திப் பார்த்தவள்.

முதல் ஓவியம் ஒரு கட்சியின் தேர்தல் விருந்து. மேயர் சிப்பியைத் தின்று தீர்த்து மயங்கிக் கிடக்கிறார். அவர் கையிலிருந்து ஒருவர் ரத்தம் எடுத்துவிடுகிறார். இளவயது வேட்பாளரை ஒரு கிழவி கட்டிப்பிடித்திருக்கிறாள். அவர் பல்லைக் கடித்துக்கொண்டு சிரிக்கிறார். பிடில் வாசிப்பவள் ஒரு பெண். இந்தக் கூச்சலுக்கு நடுவே ஒரு தையற்காரர் தனக்குக் கொடுக்கப்படும் லஞ்சக் காசை வேண்டாம் என்கிறார். அவர் மனைவி கையை ஓங்கி அவரைத் திட்டுகிறாள். பக்கத்தில் நிற்கும் சிறுவன் தன் கிழிந்த செருப்பைக் காட்டுகிறான்.

பெண்களுக்கு ஓட்டில்லாத தேர்தல் இது. ஆனாலும் படம் முழுக்கப் பெண்கள். இரண்டாவது ஓவியத்தில் விடுதிக்காரி உட்கார்ந்து காசு எண்ணுகிறாள். மாடத்தில் நிற்கும் பெண்களுக்குக் கொடுக்க வேட்பாளர் கீழே நின்று அலங்காரப் பொருள் வாங்குகிறார். நான்காவதில், வெற்றி ஊர்வலத்தைப் பார்த்து ஒரு சீமாட்டி மயங்கிச் சரிகிறாள். ஹோகார்த் இவர்கள் எல்லோரையும் பார்த்துச் சிரிக்கிறார். தையற்காரர் மனைவியிடம் வந்தபோது என்னால் சிரிக்க முடியவில்லை. அவளுக்கு முன்னால் இருப்பது கணவனின் மனச்சாட்சி மட்டுமல்ல, பிள்ளையின் செருப்பும்தான். அந்த ஓட்டு அவர் பெயரில் இருக்கிறது. அதன் விளைவு அவள் அடுப்படிக்கு வருகிறது.

நான் கல்லூரியில் படித்த வரலாறு இதை ஒரே வரியில் முடித்துவிட்டது: இங்கிலாந்தில் பெண்களுக்கு வாக்குரிமை 1918இல் கிடைத்தது. அதற்கு முன்னால்? வெற்றிடம். அமாண்டா விக்கரி, இலேன் சாலஸ் போன்ற பெண் வரலாற்றாசிரியர்கள் குடும்பக் கடிதங்களையும் நாட்குறிப்புகளையும் வீட்டுக் கணக்குகளையும் வாசித்துத்தான் அந்த வெற்றிடத்தில் ஆட்கள் நடமாடுவதைக் காட்டினார்கள். ஓட்டில்லாத பெண்கள் அந்தத் தேர்தல்களில் என்ன செய்தார்கள் என்பதை அவர்கள் வழியே நான் அறிந்துகொண்ட அளவில் சொல்லிப் பார்க்கிறேன்.

2

முதலில் அந்தத் தேர்தல் எப்படி நடந்தது என்று பார்ப்போம்.

கவுண்டி என்பது ஏறக்குறைய நம் மாவட்டம் போன்றது. ஒவ்வோர் ஆங்கிலக் கவுண்டிக்கும் நாடாளுமன்றத்தில் இரண்டு இடங்கள். ஆண்டுக்கு 40 ஷில்லிங், அதாவது 2 பவுண்டு மதிப்புள்ள சொந்த நிலம் வைத்திருந்த ஆண்கள் ஓட்டுப் போடலாம். 1430இல் வந்த விதி இது. நகரத் தொகுதிகளில் ஊருக்கு ஒரு விதி. 1716ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு ஒரு நாடாளுமன்றம் ஏழு ஆண்டுகள் வரை நீடிக்கலாம். ரகசிய ஓட்டு 1872இல்தான் வந்தது. அதுவரை வாக்காளர் மேடைக்கு முன்னால் போய், எல்லோர் காதிலும் விழும்படி, யாருக்கு என்று சொல்ல வேண்டும். யார் யாருக்குப் போட்டார் என்பது பல இடங்களில் புத்தகமாகவே அச்சிடப்பட்டது. நிலக்கிழாரின் குத்தகைதாரர், அந்த வீட்டுக்கு ரொட்டி போடுகிறவர், மெழுகுவர்த்தி விற்கிறவர் எல்லோரும் பகிரங்கமாகச் சொல்லியாக வேண்டும். சொன்னதை வாழ்நாள் முழுக்கச் சுமக்கவும் வேண்டும்.

இந்த அமைப்பின் அச்சாணியாக இருந்தவர்கள் ஜென்ட்ரி எனப்பட்ட நிலவுடைமைக் குடும்பத்தினர். பெரும் பிரபுக்கள் அல்லர். ஆனால் நிலமும் குத்தகைதாரர்களும் பரம்பரை வீடும் உள்ளவர்கள். உள்ளூர் நீதிபதிகள் அவர்களே. வேட்பாளர்களும் பெரும்பாலும் அவர்களிலிருந்தோ அவர்கள் உறவிலிருந்தோதான் வந்தார்கள். பெரும்பாலான கவுண்டிகளில் போட்டியே இருக்காது. இரண்டு இடங்களை யார் எடுத்துக்கொள்வது என்று குடும்பங்கள் தங்களுக்குள் பேசி முடித்துவிடும். நூற்றாண்டின் நடுவில் நடந்த பொதுத் தேர்தல்களில், 40 கவுண்டிகளில் வாக்குப்பதிவு வரை போனவற்றை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

எங்கே பேசி முடித்தார்கள்? விருந்து மேசையில். குதிரைப் பந்தய வாரத்தில். நீதிமன்ற அமர்வுக்காக ஊர் கூடும்போது நடக்கும் நடனங்களில். பெண்கள் வருகைக்குப் பதில் வருகை என்று வீடு வீடாகப் போய்த் தேநீர் குடிக்கும் பிற்பகல்களில். தேர்தல் நாள் ஏழு ஆண்டுக்கு ஒரு முறை வரும். தேர்தல் வேலை ஒவ்வொரு வாரமும் நடந்தது.

அந்த வேலையைச் செய்தவள் வீட்டுத்தலைவி. யாரை விருந்துக்கு அழைப்பது, யாரை யாருக்குப் பக்கத்தில் உட்கார வைப்பது, எந்தக் குடும்பத்தோடு மனஸ்தாபம், எந்தப் பாதிரியார் மகனுக்கு வேலை தேடுகிறார், எந்தக் கடைக்காரர் மனைவிக்குப் பிரசவம் என்பதெல்லாம் அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். கணவன் லண்டனில் இருக்கும்போது ஊர் நிலவரத்தைக் கடிதமாக எழுதுவாள். ஓட்டுள்ள கடைக்காரரிடம் துணி எடுப்பாள். எதிரணிக்குப் போட்டவரின் கடையை விட்டு விலகுவாள். நடனத்தில் கட்சி நிறத்து ரிப்பன் அணிவாள். தன் தகுதிக்குக் குறைந்தவர் மகனோடும் சிரித்த முகத்தோடு ஆடுவாள். தேர்தல் அறிவிப்பாணை வந்த பிறகு வாக்காளருக்கு விருந்து கொடுக்கக் கூடாது என்று 1696லேயே ஒரு சட்டம் உண்டு. அதை யாரும் மதிக்கவில்லை. அப்படிச் சட்டத்தை மீறிக் கொடுத்த விருந்துகள் பலவற்றின் சமையற்பட்டியலையும் ஒரு பெண்தான் பார்த்துச் சரிசெய்திருப்பாள்.

தமிழ் படித்தவளுக்கு இது அந்நியமாகத் தோன்றவில்லை. விருந்தோம்பல் இல்லறத்தின் கடமை, அதைச் செய்பவள் இல்லாள், பெயர் கணவனுக்கு. சிலப்பதிகாரத்தில் கோவலன் பிரிந்த காலத்தில் தான் இழந்தவற்றைக் கண்ணகி சொல்லும்போது, விருந்தினரை எதிர்கொள்ளும் உரிமையையும் சேர்த்துச் சொல்கிறாள். கணவன் இல்லையென்றால் அந்தக் கடமையைச் செய்யும் தகுதியும் போய்விடுகிறது. ஆங்கில நிலக்கிழார் வீட்டிலும் ஏறக்குறைய அதே கணக்குத்தான். அவள் உழைப்பால் சேரும் செல்வாக்குக்குப் பெயர் ‘குடும்பச் செல்வாக்கு’. குடும்பத்துக்குப் பெயர் கணவனுடையது.

3

1754 ஆக்ஸ்ஃபர்டுஷயர். 1710க்குப் பிறகு அந்தக் கவுண்டியில் வாக்குப்பதிவே நடக்கவில்லை. டோரிக் கட்சியின் ‘பழைய அணி’ இரண்டு இடங்களையும் கைக்குள் வைத்திருந்தது. விக் கட்சியின் ‘புதிய அணி’ எதிர்த்து நின்றது. வாக்குப்பதிவுக்கு ஒரு வருடத்துக்கு முன்பே பிரச்சாரம் தொடங்கிவிட்டது. பழைய அணி மட்டும் 20,000 பவுண்டுக்கு மேல் செலவழித்தது. ஹோகார்த்தின் ஓவியங்களுக்குத் தூண்டுதல் இந்தத் தேர்தல்தான்.

புதிய அணிக்காக ஊர் ஊராகப் போய் ஓட்டுக் கேட்டவர்களில் ஒருவர் லேடி சூசன் கெக். ஹாமில்டன் பிரபுவின் மகள். கிரேட் டியூ என்ற ஊரின் நிலவுடைமையாளர் ஒருவரின் மனைவி. விருந்து மேசையோடு அவர் நிற்கவில்லை. வீட்டை விட்டு வெளியே வந்தார், வாக்காளர்களிடம் நேரில் பேசினார், அதை மறைக்கவும் இல்லை. எதிரணியினர் அவருக்கு ஒரு பெயர் வைத்தார்கள்: ‘லார்டு சூ’. ‘சூ பிரபு’ என்று ஆண்பால் பட்டம்.

இந்த வசையை நான் நெடுநேரம் யோசித்துக்கொண்டிருந்தேன். வேலையைச் சரியாகச் செய்யவில்லை என்று யாரும் அவரைக் குறை சொல்லவில்லை. நன்றாகச் செய்தார் என்பதுதான் சிக்கல். அவ்வளவு நன்றாகச் செய்பவள் பெண்ணாக இருக்க முடியாது, ஆகவே அவள் ஆண். எங்கள் பேராசிரியர் ஒருவர் என்னைப் பாராட்டுவதாக நினைத்துக்கொண்டு, “நீ ஆம்பள மாதிரி பேசுறம்மா” என்றார். அன்று நான் சிரித்துவைத்தேன். இன்றைக்கென்றால் சிரித்திருக்க மாட்டேன்.

கடைசியில் வாக்கு எண்ணிக்கையில் பழைய அணிக்குத்தான் அதிகம். ஆனால் ஷெரிஃப் நான்கு வேட்பாளர்களின் பெயரையும் நாடாளுமன்றத்துக்கு அனுப்பிவைத்தார். விக் கட்சிக்குப் பெரும்பான்மை இருந்த அவை 1755இல் புதிய அணிக்கே இடங்களைக் கொடுத்தது. அதே ஆண்டு லேடி சூசன் இறந்துபோனார்.

4

ஓட்டு இல்லை என்பதற்கும் ஓட்டின் மீது அதிகாரம் இல்லை என்பதற்கும் வித்தியாசம் உண்டு. அன்றைய இங்கிலாந்தில் இது விசித்திரமான வடிவங்கள் எடுத்தது.

பிரிஸ்டல் நகரத்தில் ஓட்டுரிமை ‘ஃப்ரீமேன்’ எனப்பட்ட நகர உறுப்பினர்களுக்கு. அவரது மகளையோ விதவையையோ திருமணம் செய்துகொள்பவருக்கும் அந்த உறுப்புரிமை கிடைக்கும். அந்தப் பெண் ஓட்டுப் போட முடியாது. ஆனால் ஓட்டு அவள் வழியாக வருகிறது. பிறந்த வீட்டிலிருந்து புகுந்த வீட்டுக்குப் போகும் சீர்வரிசையில் ஒரு பித்தளைப் பாத்திரம்போல அந்த உரிமையும் போனது. கொண்டுபோகிறவள் அவள், புழங்குகிறவன் அவன்.

சஸெக்ஸில் உள்ள ஹார்ஷம் நகரத்தில் ஓட்டுரிமை குறிப்பிட்ட சில மனைகளோடு ஒட்டியிருந்தது. அவற்றில் பெரும்பகுதி இர்வின் குடும்பத்துக்குச் சொந்தம். 1778இல் கணவர் இறந்த பிறகு ஃபிரான்சஸ் என்ற லேடி இர்வின் அந்தத் தொகுதியைத் தன் கையில் எடுத்துக்கொண்டார். ஐந்து மகள்கள், மகன் இல்லை. சொந்த மனையின் ஓட்டை அவரே போட முடியாது. ஆகவே தேர்தல் நேரத்தில் நம்பகமான ஆண்களின் பெயருக்கு மனைகளை எழுதிவைத்து ஓட்டுப் போடச் செய்வார்கள். 1790இல் நார்ஃபோக் பிரபு அவரை எதிர்த்துத் தன் ஆட்கள் இருவரை ஜெயிக்க வைத்தார். அவர்களில் ஒருவர் டிமதி ஷெல்லி. கவிஞர் ஷெல்லியின் தந்தை. முறையீடு நாடாளுமன்றத்துக்குப் போனது. 1792இல் அந்த இருவரும் பதவி இழந்தார்கள். லேடி இர்வினின் ஆட்கள் அமர்ந்தார்கள். 1807இல் அவர் இறந்தார். பிறகு 1811இல் நார்ஃபோக் பிரபு அந்தச் சொத்தை அவர் மகளிடமிருந்து விலைக்கு வாங்கிக்கொண்டார்.

இதைப் பெண் வலிமையின் கதையாகச் சொல்லிவிட்டுப் போக எனக்கு ஆசைதான். ஆனால் ஹார்ஷம் மக்களுக்கு இதில் என்ன இருந்தது? ஒரு பிரபுவுக்குப் பதில் ஒரு சீமாட்டி. லேடி இர்வினுக்கு அதிகாரம் வந்தது பெண்ணாக இருந்ததால் அல்ல. விதவையாகவும் சொத்துக்காரியாகவும் இருந்ததால்.

அதனால்தான் எனக்கு இன்னொரு பெண்ணின் தேர்தல் நெருக்கமாக இருக்கிறது. சேரா பிளை. லண்டனில் புனித பொடால்ஃப் தேவாலயத்தின் பணியாள் பதவிக்குப் போட்டியிட்டவர். தேவாலயத்தைப் பெருக்கிச் சுத்தம் செய்வது, கல்லறைக் குழிகளைக் கவனிப்பது போன்ற வேலைகள். அந்தப் பங்கில் வரி செலுத்தியவர்கள் ஓட்டுப் போட்டார்கள். வரி செலுத்திய பெண்களும் போட்டார்கள். சேரா பிளைக்கு ஆண்களின் ஓட்டு 169, பெண்களின் ஓட்டு 40. எதிர்த்து நின்ற ஜான் ஆலிவுக்கு ஆண்களின் ஓட்டு 174, பெண்களின் ஓட்டு 22. பெண்களின் ஓட்டைக் கழித்தால் ஆலிவ் ஜெயிக்கிறார்; சேர்த்தால் சேரா ஜெயிக்கிறார்.

ஆலிவ் வழக்குத் தொடுத்தார். பெண் அந்தப் பதவியில் இருக்கலாமா, பெண்கள் அதற்கு ஓட்டுப் போடலாமா என்ற இரண்டு கேள்விகளும் அரசரின் உயர் நீதிமன்றத்துக்குப் போயின. 1739இல் தீர்ப்பு வந்தது: இருக்கலாம், போடலாம். நீதிபதிகள் காட்டிய காரணத்தில்தான் கசப்பு. இது நாட்டின் பொதுக் காரியத்தைத் தொடாத சின்னப் பதவி, ஆகவே பெண்களுக்குத் தடையில்லை என்பதே அவர்கள் வாதத்தின் சாரம். பெருக்குவதற்கு ஒரு பெண்ணைப் பெண்கள் தேர்ந்தெடுக்கலாம். அதனால் நாடாளுமன்றத்துக்கு ஆபத்தில்லை. ஆனாலும் சேரா பிளை ஜெயித்தார். பெண்கள் தங்கள் வாயால் சொன்ன 40 ஓட்டு எண்ணப்பட்டு ஜெயித்தார். சீமாட்டிகள் யாருக்கும் வாய்க்காதது அது.

5

நூற்றாண்டின் மிகப் பெரிய கூச்சல் 1784இல் எழுந்தது. லண்டனின் வெஸ்ட்மின்ஸ்டர் தொகுதியில் சார்லஸ் ஜேம்ஸ் ஃபாக்ஸ் நின்றார். அவருக்காக டெவன்ஷயர் சீமாட்டி ஜார்ஜியானா கடை கடையாக ஏறி ஓட்டுக் கேட்டார். தங்கை ஹாரியட்டும் கூட வந்தார். ஜார்ஜியானா ஜென்ட்ரி அல்லர், உயர்குடிப் பிரபுத்துவம். ஆனால் அவர் செய்தது கவுண்டிகளில் நிலக்கிழார் மனைவியர் தலைமுறைகளாகச் செய்துவந்த அதே வேலை. அவருடைய தாய் லேடி ஸ்பென்சரும் குடும்பத்துக்காக அதைச் செய்தவரே. கொள்ளுப்பாட்டியின் தாயான மார்ல்பரோ சீமாட்டி சேரா 1705லேயே செயின்ட் ஆல்பன்ஸ் நகரில் ஓட்டுக் கேட்டு, அது நாடாளுமன்றம் வரை பேசப்பட்டது.

வாக்குப்பதிவு 40 நாள் நடந்தது. கசாப்புக் கடைக்காரருக்கு முத்தம் கொடுத்து ஓட்டு வாங்கினார் என்று கேலிச்சித்திரங்கள் கிளம்பின. தாமஸ் ரோலண்ட்சனின் படம் இன்றும் பரவலாகப் பார்க்கப்படுகிறது. இன்னொரு படத்தில் அவர் நரிக்குப் பால் கொடுக்கிறார்; அவருடைய குழந்தை பக்கத்தில் அழுகிறது. ஃபாக்ஸ் என்றால் நரி என்பதை வைத்துச் செய்த கேலி. அப்போது அவர் மகளுக்கு ஒரு வயதுகூட ஆகவில்லை. உயர்குடியில் செவிலி வைத்துக்கொள்வதே வழக்கமாக இருந்தபோது, தானே பாலூட்டிய தாய் அவர். படம் வரைந்தவர் குறிபார்த்தே அடித்திருக்கிறார்.

எங்கள் பக்கத்துப் பெண்கள் எல்லோரும் செய்ததைத்தானே நானும் செய்தேன், ஏன் என்னை மட்டும் பிடித்துக்கொள்கிறார்கள் என்ற பொருளில் அவர் தாய்க்கு எழுதினார். எதிரணிக்காக ஓட்டுக் கேட்ட அல்பினியா ஹோபார்ட்டையும் விட்டுவைக்கவில்லை. அவரது பருத்த உடலை வைத்து ஏசினார்கள். அழகியென்றால் ஒழுக்கம், அழகியல்லாதவள் என்றால் உடல். வெளியே வந்த பெண்ணைத் திருப்பியனுப்ப இந்த இரண்டு வழிகள் அன்றே தயாராக இருந்தன.

ஏன் ஜார்ஜியானா மட்டும்? இதற்கு ஆய்வாளர்கள் பல காரணம் சொல்கிறார்கள். எனக்குப் பட்டது இது. அவர் ஓட்டுக் கேட்டது கணவனுக்காகவோ தம்பிக்காகவோ அல்ல. தன் குடும்பத்தைச் சேராத, தன் கட்சிக்காரரான ஓர் ஆணுக்காக. குடும்பத்துக்காகச் செய்தால் கடமை. சொந்த அரசியல் நம்பிக்கைக்காகச் செய்தால் அவதூறு. அதுவரை எல்லோரும் கண்டும் காணாமலும் இருந்த உழைப்பு, குடும்பம் என்ற போர்வை விலகியதும் அரசியலாகத் தெரிந்துவிட்டது. ஃபாக்ஸ் 230க்கும் மேற்பட்ட ஓட்டு வித்தியாசத்தில் இரண்டாவது இடத்தைப் பிடித்தார்.

6

இந்த விருந்துகளுக்கெல்லாம் பணம் எங்கிருந்து வந்தது? நிலத்திலிருந்து வந்தது, குத்தகையிலிருந்து வந்தது. அந்தப் பணத்தில் ஒரு பகுதி நம் ஊரிலிருந்தும் போனது.

பால் பென்ஃபீல்ட் சென்னையில் கிழக்கிந்தியக் கம்பெனி ஊழியர். வட்டிக்கு விட்டுப் பணம் சேர்த்தவர். ஆற்காட்டு நவாபுக்குக் கடன் கொடுத்தவர்களில் முக்கியமானவர். அந்தக் கடனுக்கு ஈடாகக் கிராமங்களின் நிலவரி வருவாயையே எழுதி வாங்கினார்கள். 1776இல் தஞ்சாவூர் மன்னருக்கு நாடு திருப்பித் தரப்பட்டபோது, அங்கே விளைச்சலின் மேல் தனக்குப் பாக்கி உண்டு என்று பென்ஃபீல்ட் கேட்ட தொகை சுமார் 2,34,000 பவுண்டு. அதை ஏற்காத ஆளுநர் பிகட்டை அவருடைய சபையினரே கைதுசெய்தார்கள். 1777இல் காவலில் இருந்தபடியே பிகட் இறந்தார். 1780இல் பென்ஃபீல்ட் வில்ட்ஷயரில் உள்ள கிரிக்லேட் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினரானார். லஞ்சத்துக்கு மிகவும் பேர்போன தொகுதி. 1782இல் அதற்கென்றே தனிச் சட்டம் போட்டு, சுற்றுப்புறத்தாருக்கும் ஓட்டுக் கொடுத்து, விரிவாக்கினார்கள். 1785இல் எட்மண்ட் பர்க் ஆற்காட்டு நவாபின் கடன்களைப் பற்றிப் பேசிய பேருரையில், பென்ஃபீல்ட் எட்டு உறுப்பினர்களை உருவாக்கினார் என்றே குற்றம்சாட்டினார்.

இதைப் படித்தபோது ஹோகார்த்தின் மேசை எனக்கு வேறு மாதிரி தெரிந்தது. வாக்காளருக்கு மது ஊற்றிய சீமாட்டிக்கு ஓட்டில்லை என்று நான் வருந்திக்கொண்டிருக்கிறேன். காவிரிக் கரையில் நாற்று நட்டு, களையெடுத்து, அறுத்துக் கட்டிய பெண்களின் உழைப்பு வட்டியாக மாறிக் கப்பலேறிப் போயிருக்கிறது. அவர்கள் பெயர் எந்த வாக்குப் புத்தகத்திலும் இல்லை, எந்தச் சீமாட்டியின் கடிதத்திலும் இல்லை. பெண் வரலாறு எழுதும்போது மேசையைச் சுற்றி உட்கார்ந்தவர்களோடு நிறுத்திவிடக் கூடாது என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

7

நாடாளுமன்ற ஓட்டு ஆண்களுக்கு மட்டும் என்று அதுவரை எந்தச் சட்டமும் வெளிப்படையாக எழுதிவைக்கவில்லை. வழக்கமே சட்டமாக இருந்தது. 1832ஆம் ஆண்டின் சீர்திருத்தச் சட்டம்தான் வாக்காளர் ‘ஆண்’ என்ற சொல்லை எழுதியது. ஜனநாயகத்தின் மைல்கல் என்று பாடப் புத்தகம் சொல்லும் அதே சட்டம். அந்த ஆண்டே யார்க்ஷயரிலிருந்து மேரி ஸ்மித் என்ற பெண், வரி கட்டும் எனக்கு ஏன் ஓட்டில்லை என்று கேட்டு நாடாளுமன்றத்துக்கு மனு அனுப்பினார். அவை சிரித்தது.

சென்ற ஆண்டு எங்கள் ஆசிரியர் சங்கத் தேர்தலின்போது, பெண் ஆசிரியர்களின் வீடுகளுக்கு நான் போய்ப் பேசினால் நன்றாக இருக்கும் என்றார்கள். “ஒங்க பேச்சக் கேப்பாங்க மேடம்.” நிற்கிறவர்களின் பட்டியலைக் கேட்டேன். எல்லாம் ஆண்கள். அந்தப் பட்டியல் முடிவான கூட்டத்துக்குத் தேநீர் ஏற்பாடு செய்தவள் நான்தான். உள்ளே என்ன பேசினார்கள் என்று தெரியாது. இந்த முறை வீடுகளுக்குப் போக முடியாது என்று சொன்னேன். காரணம் கேட்டார்கள். அடுத்த முறை என் பெயரைப் போடுங்கள், எனக்காகப் போகிறேன் என்றேன். ஒருவர் சிரித்தார். மற்றவர்கள் பேச்சை மாற்றினார்கள்.

வீட்டுக்கு வந்து மறுபடியும் ஹோகார்த்தின் படத்தைத் திறந்தேன். தையற்காரரின் மனைவி இன்னும் கையை ஓங்கியபடியே நிற்கிறாள். அவள் பிள்ளையின் செருப்பு இன்னும் கிழிந்தே இருக்கிறது.